நாற்பத்தேழு

பியூட் நகரத்துப் பனி கராஜ் கதவு வரை வந்துவிட்டது.
ஆர்வில் ஸ்டென்ருட் தராசைச் சுழியத்தில் நிறுத்துகிறார்.
சுட்டுத் தீர்ந்த கூடுகளுக்கு மறுபிறவி
என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது:
"பித்தளை. கழுவினேன்."

மருந்து என்பதால்தான் அளவு.
குன்றிமணியில் பாதி கூடினாலும்
ரிவால்வர் உள்ளங்கையிலேயே பூத்துவிடலாம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் செய்தது.
பிடியில் யாரோ ஆணியால் கீறிய எச். எம்.
ஹாரி, ஹோரஸ், ஹேங்க்
எல்லாருக்கும் மீசை வைத்துப் பார்த்தாயிற்று.

தொலைபேசி. தோளுக்கும் காதுக்கும் நடுவே
ஸ்போகேனிலிருந்து ஒரு பெண்குரல்:
"உங்கள் கடிதம் கிடைத்தது.
எச். எம். என்றால் ஹெட்விக் மோபர்க், என் அத்தை.
வங்கியில் காசாளர்.
இழுப்பறைக்குள் முப்பது வருடம்,
ஒருமுறைகூட வெடித்ததில்லை.
சம்பளத்தன்று மட்டும் எண்ணெய் போடுவாள்."

வைத்துவிட்டுப் பார்த்தால்
எங்கே நிறுத்தினோம் என்று தெரியவில்லை.
மனம் ஹேங்க்கின் மீசையை மழித்துக்கொண்டிருந்த நேரத்தில்
கை பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது.
நாற்பத்தேழு தோட்டா. எல்லாம் மூடியாயிற்று.
எல்லாவற்றிலும் ஒரே பளபளப்பு.

சுத்தியலை எடுக்கிறார்.
தட்டி, குண்டைக் கழற்றி,
மருந்தைக் காகிதத்தில் கொட்டி, நிறுத்து,
சரி.
சரி.
இதுவும் சரி.
வீட்டுக்குள் மனைவி விளக்கை அணைக்கும் சத்தம்.
ஹீட்டரின் கம்பி சிவந்து, மங்கி, மறுபடி சிவக்கிறது.

நாற்பத்து மூன்றாவது
காலி.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு
அதற்குள் கொஞ்ச நேரம் பார்க்கிறார்.

பிறகு
மிச்சம் நான்கையும் தட்டுகிறார்.