மிச்ச எட்டு

பேப்பர் மில்ஸ் சாலையில்
சைக்கிள் கடைக்கு மேலே என் அறை.
கீழே டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம்;
மேலே, சுருட்டிய துண்டை
முட்டியின் பின்பக்கத்தால் அமுக்கச் சொல்லி
பத்து வரை எண்ணுகிறேன்.

ஜெசிந்தா எண்ண மாட்டாள்.
சுவரில் பல்லி ஓடுவதைப் பார்ப்பாள்.
வியாசர்பாடி மைதானத்தில்
வலப்பக்க ஓரமாகப் பந்தோடு ஓடுகிறவள்.
ஓடியவள்.
எந்தக் காலத்தில் சொல்வதென்று
எனக்கும் குழப்பம்.

யாரும் மோதவில்லை.
தனியாகத் திரும்பினாளாம்,
பூட்ஸ் மண்ணில் நின்றுவிட்டது,
உடம்பு மட்டும் போனது.
"டப்புன்னு ஒரு சத்தம்க்கா.
சோடா மூடி தொறந்த மாதிரி.
யாருன்னு நானே திரும்பிப் பாத்தேன்."

தொடையின் பின்னாலிருந்து ஒரு நாணை உருவி
முட்டிக்குள் துளையிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.
இத்தனை வருஷம் மடக்கும் வேலை பார்த்தது,
இனி தாங்கும் வேலை பார்க்க வேண்டும்.
மாற்றலாகி வந்த குமாஸ்தா,
மேசை எது, பீரோச் சாவி எதுவென்று பழக
ஒன்பது மாதம் ஆகும் என்றேன்.
"அவ்ளோ நாளாவா?"
சர்க்கார் ஆஸ்பத்திரியில் போட்ட நாண்,
அப்படித்தான் என்றேன்.

மூன்றாம் மாதம்தான் எனக்குப் பயம்.
வலி போய்விடும்.
வீக்கம் வடிந்து முட்டிச்சில் பழையபடி தெரியும்.
உள்ளே நாண் அப்போதுதான்
ஈரக் காகிதமாக இருக்கும்.
வலிக்கும்போது என் பேச்சைக் கேட்பார்கள்,
வலிக்காதபோது யார் கேட்பார்?
தெருப் பையன்களோடு ரப்பர் பந்து உதைத்தவளைப்
பேருந்து ஜன்னலில் பார்த்துவிட்டு
அடுத்த நிறுத்தத்தில் குதித்துத் திரும்பி ஓடினேன்.
அன்று நான் பேசியதை எழுத முடியாது.

ஐந்தாம் மாதம்
அவள் அம்மாவுக்குப் பிடிக்காத வைத்தியம்.
ஹவுஸிங் போர்டு, மூணாவது மாடி,
இடது இடுப்பில் பச்சைக் குடம்,
லாரித் தண்ணீர் சிந்தாமல் ஏற வேண்டும்.
அம்மா மாடியிலிருந்தே என்னைத் திட்டினார்.
ஆறாவது நாள்
பக்கத்து வீட்டுக் குடங்களும்
அவளுக்காக வரிசையில் நின்றன.

எட்டாம் மாதம், தரையில் சாக்பீஸ் கோடு.
ஒற்றைக் காலில் தாண்டு, இறங்கிய இடத்தில் நில்.
வலது காலுக்கு நூறென்றால்
இடது காலுக்குத் தொண்ணூற்றிரண்டு.
போதும், ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.
அவள் போகவில்லை.
தோட்டின் திருகாணியைத் தொலைத்தவள்போல்
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே குனிந்து,
"மிச்ச எட்டு எங்கக்கா?"

மைதானத்துக்குப் போன அன்று கண்டுபிடித்தேன்.
நன்றாகத்தான் ஓடினாள். கைதட்டினார்கள்.
ஆனால் யாராவது நெருங்கி வந்தால்
இரண்டடி முன்னாலேயே
பந்தைத் தட்டிக் கொடுத்துவிட்டாள்,
கடன்காரனைத் தூரத்தில் கண்டு
சந்துக்குள் நுழைகிறவர்களைப் போல.
"விட்டுக்கொடுத்து ஆடக் கத்துக்கிட்டா"
என்று பயிற்சியாளருக்குச் சந்தோஷம்.
நான் வாயைத் திறக்கவில்லை.
கோணமானியை எந்த மூட்டில் வைத்து
இதை அளப்பது?

பதினோராம் மாதம், ஞாயிறு.
ஆவடி அணியின் ஐந்தாம் எண்
சறுக்கிக்கொண்டே வந்து
அதே காலில் விழுந்தாள்.
புழுதி.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு ரயில் போனது,
வேறு சத்தமில்லை.
நான் எழுந்து நின்றிருந்ததும்
கையில் சுண்டல் பொட்டலம் கூழாகியிருந்ததும்
பிறகுதான் தெரிந்தது.

புழுதிக்குள்ளிருந்து முதலில் வந்தது குரல்.
ஐந்தாம் எண்ணின் வம்சத்தை,
நடுவரின் கண்ணை,
அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி விற்றவனை,
ஒருவரையும் விடாமல்,
இரண்டு காலிலும் சமமாக நின்றபடி.

மஞ்சள் அட்டை.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: எட்டு.

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தேன்.
வரவில்லை.
அரைமணி பார்த்துவிட்டு
துண்டை உதறி மடித்து வைத்தேன்.
கீழே யாருடைய டியூபோ
தொட்டித் தண்ணீரில் முங்கி
ஓட்டை எதுவென்று
குமிழ் குமிழாகச் சொல்லிக்கொண்டிருந்தது.