நீலக் கள்ளி

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்திருந்த சீட்டு:
"வெண்ணெய் இருநூற்றைம்பது கிராம். சர்க்கரை ஒரு கோப்பை.
மாவு, கை போதும் என்று சொல்லும் வரை.
உன் கை சொல்லாது, அதனால் மூன்று கோப்பை.
கள்ளி இருபது. தொப்பி இருபது.
மிளகாய் உன் இஷ்டம்.
நாளை மதியம் எங்கள் வார்டில் மெக்சிகோ."

கையெழுத்தில்லை.
இருபத்தாறு வருடம் ஆனபின் யார் போடுவார்கள்.
லோகாம்பாள் இரவுப்பணிக்குப் போய்விட்டாள்.
சாட்ஸ்வொர்த் சரிவில் வரிசை வீடுகள்
ஒவ்வொன்றாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தன,
எட்டு மணிக்குப் போய்விடும் என்று தெரிந்தும்.

நான் டயர் கிடங்கில் கணக்கெழுதுகிறவன்.
மெக்சிகோ என்றால் பச்சைச் சட்டைக் கால்பந்து,
அவ்வளவுதான்.
மிளகாயே அங்கிருந்து வந்ததுதான் என்றாள் ஒருமுறை.
மிளகாய் நம்முடையதில்லை என்றால்
ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறிக்கு என் மூக்கில் வடிவது
யாருடையது என்று கேட்டேன்.

சப்பாத்திக்கட்டையால் தேய்த்தேன்.
மாவு வட்டமாகத்தான் போயிற்று,
அந்தக் கட்டைக்கு வேறு பழக்கமில்லை.
தம்ளர் வாயை அழுத்தினால் தொப்பியின் விளிம்பு,
நடுவில் ஒரு மார்ஷ்மெல்லோ, ஆயிற்று தொப்பி.
கள்ளிக்கு அச்சு கிடையாது.
பெரிய வட்டத்தின் தோளில் சின்ன வட்டம்,
அதன் தோளில் இன்னும் சின்னது.
தள்ளி நின்று பார்த்தேன்:
சப்பாத்தி மேல் சப்பாத்தி.
சும்மாவா வைத்தான் சப்பாத்திக்கள்ளி என்று
எவனோ, ஏதோ ஒரு பசித்த வேளையில்.

ஓவனில் வைத்த ஒன்பதாம் நிமிடம்
தெரு மொத்தமும் அணைந்தது.
எதிர்வீட்டுப் பூபாலன் வழக்கமான வார்த்தையைச் சொன்னான்.
அவன் நாய் அதை வழிமொழிந்தது.
பன்னிரண்டு நிமிடம் என்கிறது சீட்டின் பின்பக்கம்.
கதவைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்தேன்,
உள்ளே மிச்சமிருக்கும் சூட்டை நம்பி,
மாதக் கடைசியில் சம்பளத்தை நம்புவதுபோல.
வெந்துவிட்டது. ஓரம் கொஞ்சம் சிவந்துகூட.

ஐசிங் சர்க்கரை, முட்டையின் வெள்ளை, எலுமிச்சை நாலு சொட்டு.
கைபேசியை மசாலா டப்பாவில் சாய்த்து
அந்த வெளிச்சத்தில் பச்சைக் குப்பியைத் தேடினேன்.
கண்டேன். கவிழ்த்தேன்.
பிளாஸ்டிக் பையின் மூலையைக் கத்தரித்து
ஒவ்வொரு வட்டத்தையும் நிரப்பி
காய்ந்தபின் வெள்ளைப் புள்ளிகள், முள்ளுக்கு.
முள் வைக்க வைக்க
நிறுத்த மனம் வரவில்லை.
ஒரு கள்ளிக்கு ஐம்பத்திரண்டு வைத்தேன்,
எண்ணினேன், தொழில் புத்தி.

பத்தரைக்கு மின்சாரம் வந்தது.
மேசை முழுக்க நீலம்.
பள்ளிக்கூட மைக்கூடு கவிழ்ந்த நீலம்.

காலை ஏழு மணிக்கு வந்தவள்
காலணியைக் கழற்றாமலே நின்று பார்த்தாள்.
"ம்" என்றாள்.
டப்பாவில் அடுக்கிக்கொண்டு படுக்கப் போனாள்.

மதியம் நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும்.
புசிசிவே என்றொரு நர்ஸ், பெயரிலேயே புசி இருக்கிறது,
எங்கள் ஊர் வேலியெல்லாம் இதுதான் என்று
ஆறு கள்ளி தின்றாளாம்.
புதிதாய் வந்த டாக்டர் பையன் உள்ளே நுழைந்தபோது
எட்டு நர்ஸுகளுக்கும் உதடு நீலம்.
நீல உதட்டைக் கண்டால் ஓடு
என்பதுதானே அங்கே முதல் பாடம்.
ஓடினான்.
ஆக்சிஜன் உருளையோடு திரும்பி வந்தான்.
நாலாம் கட்டிலில் காகிதத் தொப்பி போட்டிருந்த பெரியவர்
சிரித்ததில் டிரிப் ஊசி கழன்றுவிட்டதாம்.

சொல்லிவிட்டு நாக்கை நீட்டினாள்.
ஐம்பத்து மூன்று வயது நாக்கு, நல்ல நீலம்.

டப்பாவில் தோளொடிந்த கள்ளி ஒன்று மிச்சம்.
நின்றபடியே தின்றேன்.
மிளகாய் ஒன்றுகூடச் செய்யவில்லை நான்,
எவரும் கேட்கவும் இல்லையாம்.

குளிர்பெட்டிச் சீட்டு இன்னும் அங்கேதான்.
அடியில் புதிதாக ஒரு வரி:
"பச்சைக் குப்பி வாங்க வேண்டாம்."