காப்பு அவிழ்ப்பு

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எதிரே
மூன்றாவது கடை என்னுடையது.
இரவு பத்தேகாலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காலாவதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வேன்.
இருமல் மருந்து, கண் சொட்டு,
யாருமே வாங்காமல் போன ஒரு தைலம்.
அட்டையின் ஓரத்தில் அழுத்திய தேதி
விளக்குக்குச் சாய்த்தால்தான் தெரியும்.
தாண்டிவிட்டால் செத்த மருந்து.
விற்றால் லைசென்ஸ் போகும்.

பிரம்மநாயகம் அண்ணாச்சி காத்திருந்ததும்
ஒரு காலாவதிக்குத்தான்,
எந்த அட்டையிலும் அச்சிடாத ஒன்று.

சர்க்கரை மாத்திரை. ஒன்று ஐம்பத்தெட்டு ரூபாய்.
பாபநாசம் வண்டியில் முப்பது வருஷம்
சில்லறை எண்ணிய கை
"பத்து போதும் தாயி" என்று நீளும்.
பத்து மாத்திரை அவருக்கு இருபது நாள் வரும்.
நானும் கணக்குத் தெரியாதவள் மாதிரி
பில் போட்டிருக்கிறேன்.

தம்பி சிதம்பரதாணு நியூஜெர்சியில்.
அதே அம்மா, அதே சர்க்கரை, அதே மாத்திரை.
அங்கே என்ன விலை என்று கேட்டால்
போனை வைத்துவிடுவாராம்.

"காப்புரிமை, காப்புரிமைங்காங்களே, அது என்ன?"
மனு போட்ட நாளிலிருந்து இருபது வருஷம்.
அதுவரை வேறு யாரும் செய்யக் கூடாது.
"பொறவு?"
யார் வேண்டுமானாலும் செய்யலாம்.
"தம்பி இருக்க ஊர்லயும் அதே நாளுதானா?"
இல்லை.
அங்கே சோதனையில் கழிந்த வருஷங்களுக்கு ஈடாகக்
கொஞ்சம் நீட்டித் தருவார்கள்.
பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததற்கு
இன்னுமொரு ஆறு மாசம்.
மேல்பூச்சுக்குத் தனி மனு, உப்புக்குத் தனி மனு.
ஐரோப்பாவில் வேறு கணக்கு.
சில நாடுகளில் மனுவே போடவில்லை,
போட்டுக் காக்கிற அளவுக்கு அங்கே வாங்க ஆளில்லை.
நமக்கு நீட்டிப்பு கிடையாது, அண்ணாச்சி.

பாக்கிச் சில்லறையை எடுக்காமல் நின்றார்.
"அப்போ கொடை மாதிரின்னு சொல்லு.
எங்க ஊர்ல சித்திரைக் கடைசிச் செவ்வாய் காப்புக் கட்டு,
எட்டாம் நாள் அவுத்துருவான்.
ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆடியிலதான் கட்டவே செய்வான்.
அவுக்கிற மட்டும் ஊர் எல்லை தாண்டக் கூடாது.
அம்மன் ஒருத்திதான். தேதி ஊருக்கு ஊரு."

நான் வேதக்காரி. தலையை மட்டும் ஆட்டினேன்.
எல்லை தாண்டாமலிருந்தால் அது விரதம்.
ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவதற்கு
என்ன பெயரோ.

பங்குனியில், ஒரு வியாழக்கிழமை, அந்தத் தேதி வந்தது.
மறுநாள் காலை ஒன்பதரைக்குள் ஏழு ரெப்புகள்,
தோல்பை, டை, வியர்வை.
ஒருவனுடைய மாத்திரை ரோஸ், ஒருவனுடையது மஞ்சள்,
இன்னொருவனுடையது கடலை மிட்டாய் நிறம்.
ஒன்பது ரூபாய். எட்டரை.
ஏழே முக்கால், பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம்.
நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு
இதற்குள் என்னப்பா மாறியது
என்று கேட்டிருக்கலாம். ஆர்டர் எழுதினேன்.

அண்ணாச்சி மாசியிலேயே எதிரே படுத்துவிட்டார்.
இடது கால். இரண்டு விரல்.
இருபது வருஷத்தில் ஐந்து வாரம் ஒன்றுமில்லை.
விரல் அப்படி எண்ணாது.

சித்திரை பிறந்து வந்தார்,
செருப்பு வாரில் பழைய துணி சுற்றி.
முப்பது கேட்டார். முதல்முறையாக
மாசத்துக்கு ஒரு முழு மாசம்.
பிறகு குரல் தாழ்ந்தது.
"கொடைக்குத் தம்பி வாரான்.
ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கொண்டுபோக விடுவானா?"
மூன்று மாசத்துக்கு மேல் என்றால் கேள்வி கேட்பார்கள்,
டாக்டர் சீட்டும் வேண்டும் என்றேன்.
"அவனுக்கு எப்போதான் அவுப்பாங்க?"
வருஷத்தைச் சொன்னேன்.
எண்ணிப் பார்த்தார்,
கைவிரல்களில்.

இப்போது என் மடியில்
பழைய கம்பெனி அட்டை நான்கு கிடக்கின்றன, ஐம்பத்தெட்டு ரூபாய்.
அடுத்த கார்த்திகை வரை மருந்துக்கு உயிர் இருக்கிறது.
கேட்கத்தான் ஆளில்லை.
திருப்பி அனுப்பும் பில்லில் காரணம் என்று ஒரு கட்டம்.
காலாவதி என்று எழுதி மடித்தேன்.
நாளைக்கு ஏஜென்சிக்காரர் தேதியைப் பார்த்துவிட்டுப்
போன் போடுவார்:
"இன்னும் நாள் கிடக்கே, சிஸ்டர்?"