பாதிக்கு மேல்

மைன்ஸ் நகரில், ரைன் ஆற்றைவிட்டு நான்கு டிராம் நிறுத்தம் தள்ளி
சன்னல் திறக்காத அறை எங்களுடையது.
காற்று வந்தால் பணம் பறக்கும் என்பதல்ல,
சாம்பல் பறக்கும்.

அடுப்பில் ஒளித்துவைத்து மறந்தவர்கள்,
தோட்டத்தில் புதைத்துப் பூஞ்சைக்குத் தின்னக் கொடுத்தவர்கள்,
நாய் விழுங்கியதை மறுநாள் கழுவிக் காயவைத்தவர்கள்,
எல்லோரும் இங்கேதான் அனுப்புகிறார்கள்.
எதிர் மேசை டெட்லெஃப் உறையைப் பிரிக்குமுன்
மோந்து பார்த்துச் சொல்வான்:
'இது நாய்.'

சட்டம் சின்னது.
நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழுப்பணம்.
இல்லையென்றால்
மீதி அழிந்துபோனதென்று நிரூபிக்க வேண்டும்.

மார்ச்சில் எம்டன் துறைமுகத்திலிருந்து ஒரு செருப்புப் பெட்டி.
இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டு,
எல்லாமே இடது பாதி.
தீ இல்லை, நீர் இல்லை, எலிப்பல் இல்லை.
கத்தரிக்கோல்.
'சேதத்தின் காரணம்' என்ற கட்டத்தில்
ஃபோல்கெர்ட் உப்பன் என்பவர் எழுதியிருந்தார்:
மணவாழ்க்கை.

யூரோவின் பின்புறம் எப்போதும் ஒரு பாலம்.
எந்த நாடும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று
எந்த ஊரையும் சேராமல் வரைந்த பாலம்.
அது என் மேசையில் நடு ஆற்றோடு நின்றது,
ஐந்தில், பத்தில், ஐம்பதில்,
இருநூற்றுப் பன்னிரண்டு தடவை.

பெட்டியின் அடியில் பயணங்களின் மிச்சம்.
ஸ்விஸ் ஃபிராங்கில் பாதி.
பிளாஸ்டிக்கில் வழுக்கி வளைந்த வெட்டோடு ஒரு பவுண்ட்.
ஆயிரம் யென்னில் பாதி
(ஜப்பானில் பாதி நோட்டுக்குப் பாதிப் பணம் உண்டு,
எங்களிடம் அந்த நாகரிகம் இல்லை).
வெட்ட முடியாமல் விட்டது ஒன்றே ஒன்று:
டென்மார்க்கின் ஓட்டைக் குரோன்,
யாரோ கழுத்தில் போட்டிருந்த சிவப்பு நூலோடு.
அயல்பணம் எங்கள் பொறுப்பல்ல.
திருப்பி அனுப்பினேன்,
நூலை அவிழ்க்காமல்.

செப்டம்பரில் கோர்லிட்ஸிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா.
வலது பாதிகள்.
அனுப்பியவர் வீப்கெ ஓல்ட்மன்ஸ்.
காரணம்: 'என் முன்னாள் கணவர் எழுதியிருப்பாரே.'

கண்ணாடிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக வைத்து அளந்தேன்.
முதல் இருபது நோட்டில் வெட்டு பல்லைக் கடித்திருந்தது.
ஐம்பதாவதுக்குமேல் நேர்கோடு.
நூறுக்குமேல் அச்சகத்துக்காரன் வெட்டியதுபோல.
ஒரு கை பிடித்து மறு கை வெட்டினால்
காகிதம் இவ்வளவு நேராக வராது.
இரு முனையையும் இழுத்துப் பிடிக்க
எதிரில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஒரு மாலை முழுக்க.
நடுவில் யாரோ காபி போட்டிருக்கிறார்கள்:
ஓர் ஐம்பதில் கோப்பை வட்டம்,
அதிலும் ஆளுக்கு அரைவட்டம்.

இரண்டு ஊருக்கும் ஒரே கடிதம்:
சரிபாதி என்பது பாதிக்கு மேல் அல்ல.
இரு பாகமும் ஒரே உறையில் வந்தால் முழுத்தொகை.
அதுவரை செல்லாக்காசு.

அம்மையார் கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி.
ஒரே ஒரு நோட்டில் கத்தரிக்கோல் சறுக்கியிருந்தது,
வலப்பக்கம் நூற்றில் ஐம்பத்துமூன்று.
பெறத்தக்க தொகை: ஐந்து யூரோ.

நவம்பரில் தொலைபேசி.
உப்பன். பின்னணியில் கடற்காக்கை.
'ஒன்று கொஞ்சம் கோணலாகப் போயிருக்குமே,
கடைசி நோட்டு, ஐந்து யூரோ.
அது அவளுக்குக் கிடைத்ததா?'

மூன்றாம் நபரைப் பற்றிச் சொல்ல
எனக்கு அனுமதியில்லை என்றேன்.
அவர் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
காக்கை இரண்டு தரம் கத்தியது.

'சறுக்கியதா' என்று கேட்க வந்து
'வேறு ஏதாவது உண்டா' என்று கேட்டேன்.
இல்லை என்றார்.

எதிர் மேசையில் டெட்லெஃப்
புதிய உறையை மூக்கருகே கொண்டுபோனான்.
'இது அடுப்பு.'