பின்தண்டில் மூன்று துளைகள்

வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள்.
நாய் அவளுக்கு, படகு அவனுக்கு.
காரை மட்டும் வக்கீலாலும் அறுக்க முடியவில்லை.
அதனால் அஸ்தூரியாஸ் மலைப்பந்தயங்களில்
ஒரே பழைய பெஜோ இரண்டு முறை ஏறுகிறது:
முதலில் எத்தெல்வினா, பிறகு சிரியாக்கோ.
நடுவே பதினொரு நிமிடம்.
அந்தப் பதினொரு நிமிடத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பின் அச்சுக்கு அடியில் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு,
அதன் இரண்டு கைகளிலும் மும்மூன்று துளைகள்.
உள்துளையில் பூட்டினால் பின்பக்கம் விறைக்கும்,
வெளித்துளையில் பூட்டினால் தளரும்.
அவளுக்கு உள்துளை. அவனுக்கு வெளித்துளை.
நடுத்துளையில் கடைக்காரன் அடித்த பெயின்ட்
இன்னும் உரியவில்லை.

புதிதாக வருகிறவர்கள் தலைகீழாக நினைக்கிறார்கள்,
இறுக்கினால் பிடிக்கும் என்று.
வளைவில் எந்தப் பக்கத்தை அதிகம் இறுக்குகிறோமோ
அந்தப் பக்கம்தான் முதலில் கைவிடும்.
எடையெல்லாம் அங்கே வெளிச்சக்கரத்தில் போய்க் குவியும்;
இரண்டு டயரின் பாரத்தைச் சுமக்கிற ஒரு டயர்
இரண்டு டயரின் வேலையைச் செய்வதில்லை.

முன்பக்கம் விறைத்தால்
ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும்
மூக்கு எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே போகும்,
கூப்பிட்டது காதில் விழாத மாதிரி.
பின்பக்கம் விறைத்தால்
உள்பக்கப் பின்சக்கரம் காலைத் தூக்கும்,
மின்கம்பத்தடி நாய் போல,
வால் வீசும், மூக்கு தானாக வளைவுக்குள் நுழையும்.
பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ
வால் முன்னால் வந்து நின்று உன் முகத்தைப் பார்க்கும்.

எத்தெல்வினாவுக்கு அந்த வால் வேண்டும்.
"பின்னால் ஏதாவது கிளம்பினால்தான்
முன்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்."
சிரியாக்கோ, காலை எடுத்தால் சரியாகிவிடுகிற
தவறுகளை மட்டுமே செய்கிறவன்.
பதினாறு வருடம் ஒரே கூரைக்கடியில்
எப்படி இருந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.
என் கை எட்டுவது அச்சுவரைதான்.

அக்டோபரில் பெனாயோ ஏற்றம்.
அவள் காய்ந்த சாலையில் ஏறி இறங்கினாள்.
நான் காருக்கடியில் நுழையும்போது
ஓர்பாயு தொடங்கியது.
மழை என்று இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை,
குடை விரிப்பதுமில்லை,
கஷ்கொட்டைச் சருகுகளைத் தார்மேல் ஒட்டவைக்க
அது போதும்.

இடதுபக்க நட்டு கழன்றது, மாற்றினேன்.
வலதுபக்க நட்டு வழுக்கியது.
ஸ்பானர் சுற்றியது, நட்டு சுற்றவில்லை.
ஆறு முனையும் மழுங்கி வட்டமாகிவிட்டது.
நான்கு நிமிடம். மூன்று.
ஜன்னலைத் தட்டினான்: "தளர்த்தியாச்சா?"
"ஆச்சு" என்றேன்.
பாதி ஆனதை ஆச்சு என்பது
எங்கள் தொழிலில் பெரிய பாவம் இல்லை,
ஆனால் அவன் இரண்டாவது வளைவைத் தாண்டி
சத்தம் மேலே போகும்வரை நான் மூச்சுவிடவில்லை.

தண்டுக்கு யார் துளை எது என்று தெரியாது.
ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை;
நடுவாந்தரமாய் முறுகி இரண்டு பக்கமும் தாங்கியிருக்கிறது.
இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான்.
முகம் வேர்த்திருந்தது. "இன்று என்ன வைத்தாய்?"
"உங்களுடையதுதான்."

இரண்டாம் சுற்றுக்கு அவள் ஏறினாள்.
நான் அடியில் படுத்துப் பதினொரு நிமிடமும்
ஸ்பானரைத் தட்டிச் சத்தம் உண்டாக்கினேன்.
வளைவுக்கு வளைவு மாடுகள் தலை நிமிர்ந்து பார்த்தன.
வந்ததும் அதே கேள்வி.
அதே பதில்.

பதினான்காம் இடமும் பதினைந்தாம் இடமும் எங்களுக்கு,
நடுவே மூன்று பத்தில் ஒரு விநாடி.
யார் எது என்று நான் சொல்லப்போவதில்லை.
பலகையைப் பார்த்தபடி இருவரும் ஒரே சைடர் பாட்டிலில்
மாற்றி மாற்றி ஊற்றிக் குடித்தார்கள்,
பிறகு தனித்தனி வண்டிகளில் கிளம்பினார்கள்.

இருட்டில் டிரெய்லரின் கீழ் டார்ச்சை வாயில் கவ்வி
அந்த நட்டுக்கு எண்ணெய் விட்டேன்,
காலைக்குள் இளகட்டும் என்று.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு துணியால் துடைத்துவிட்டேன்.