ஈரம்

சீலோவேயின் இந்த மூலையில் தியேட்டர் கிடையாது.
பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்தில்
வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள்.
தகரக் கூரைமேல் மழை.
படத்தில் மழையே இல்லை.

எடுவினா எழுதிய கதையில்
கடலில் போனவன் வரவே மாட்டான்.
நாலு பேர் உருளைக்கிழங்கு உரித்துத் தின்பார்கள்.
யாரும் உட்காராத ஐந்தாவது நாற்காலி
ஈரமாக இருக்கும்.
அவ்வளவுதான். ஒன்பது பக்கம்.

சாந்தியாகோக்காரர்கள் அவனைக் கூட்டிவந்துவிட்டார்கள்.
பச்சைத் தோல், வாய் கொள்ளாத பல்.
பதினேழாம் நிமிஷத்தில் வந்தவன்
கடைசிவரை கத்துகிறான்.
பிள்ளைகள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள்.
நோல்பெர்த்தோ மட்டும் கைதட்டினான்.
அவன் படகு இரண்டு காட்சியில் வருகிறது,
நன்றாகவே நடித்திருந்தது.

எடுவினா கடைசி வரிசையில்
கோட்டுப் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.
"பணம் தந்தார்கள், கூரை மாற்றினேன்" என்றாள்
நான் ஒன்றும் கேட்காமலே.

கதை அச்சில் வந்ததிலிருந்து, பதினோரு வருஷமாய்,
உட்காருமுன் நாற்காலியை
உள்ளங்கையால் ஒருதரம் தொட்டுப் பார்ப்பேன்.
என் மனைவிக்கு இது தெரியாது.
அவளும் தொடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றிரவு சொட்டச்சொட்ட வந்து
அடுப்பருகே
தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.
சூப்பில் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது.

எழுந்து தொட்டுப் பார்த்தேன்.
ஈரம்தான்.

என் கால்சட்டை ஈரம்.