ஆறு நிமிடம்

இரவு பதினொன்றே முக்கால்.
மண்டபம், நண்டுக் கம்பெனி, மாடி அறை.
ஏசி நின்று ஒரு மணி நேரம் ஆகிறது.
தென்கடல் ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று,
வடகடல் ஜன்னலைத் திறந்தால் கொசு.
இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம், ஆள் யாரென்று சொல்லும் எங்கள் சர்வர்.
அந்தப் பக்கம், எந்த ஊர் வானத்திலோ
நண்டுக் கணக்கு வைத்திருக்கும் மென்பொருள்:
எந்தப் படகு, எந்தக் கூடை, எந்த டப்பா,
யார் கை பிரித்த சதை.
இரண்டுக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறேன்.
சான்றிதழ் மாற்றியாயிற்று, வெற்றிலை மாற்றுவதுபோல.
முகவரி முடிவில் ஒரு சாய்கோடு அதிகம் என்று
பெண் வீட்டார் முறைத்தார்கள். எடுத்தேன்.
மின்னஞ்சல் சின்ன எழுத்தில்தான் வேண்டும் என்றார்கள்.
அதுவும் ஆயிற்று.

பகலெல்லாம் பெயர் ஏற்றினேன்.
இதுவரை நாற்பத்திரண்டு பெண்களும் ஒரே ஆள்:
பேக்கிங் ஒன்று.
ஒரே கடவுச்சொல், அதுவும் சுவரில் ஒட்டி,
நண்டுத் தண்ணீர் தெறித்துப் பாதி அழிந்து.
இனி ஆளுக்கொரு நுழைவு.
ஒருமுறை உள்ளே வந்தால் எல்லாக் கதவும் திறக்கும்.
ஆனால் கடைசிப் பெயர் கட்டாயம்.

"கடைசிப் பேரா?
ராக்குங்கிறதே மூணெழுத்து சார்,
இதுல மொதல் எது, கடைசி எது?"

புள்ளி வைத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை.
அப்பா பெயரா, புருஷன் பெயரா என்று கேட்டதற்கு
இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.
அதனால் ஊரைப் போட்டேன்.
ராக்கு வேதாளை. மிஸ்ரியா உச்சிப்புளி.
ஜைனம்புக்கு மட்டும்
மரைக்காயர்பட்டினம் கட்டத்துக்குள் அடங்கவில்லை,
பாதியில் நிற்கிறது.

எல்லாம் சரி. அழுத்தினால்
டோக்கன் செல்லாது.
மறுபடி அழுத்தினால், மறுபடி, டோக்கன் செல்லாது.

டோக்கன் என்றால் இந்தக் கரையில் பிள்ளைக்கும் தெரியும்.
மீன்துறை ஆபீசில் வாங்காமல் படகு இறங்காது.
நேற்று வாங்கியது இன்றைக்கு ஆகாது.
நாளைக்கு உள்ளதை
இன்றைக்கு நீட்டினால் சிரிப்பார்கள்.

பன்னிரண்டரைக்கு அந்தச் சிரிப்புதான் வழி காட்டியது.
எங்கள் சர்வரின் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது.
இன்னும் பிறக்காத நேரத்தில் கையெழுத்திட்டு
சீட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

பேட்டரி என்று நினைத்தேன்.
உப்பு என்று நினைத்தேன், இங்கே எல்லாப் பழியும் உப்புக்கு.
பிறகு ஞாபகம் வந்தது.

சேர்ந்த முதல் வாரம். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து,
"கொஞ்சம் தள்ளி வைங்க தம்பி, அஞ்சாறு நிமிஷம்" என்றார்.
தள்ளி வைத்தேன்.
கீழே விரல் வைக்கும் மெஷின்
இந்தச் சர்வரைப் பார்த்துத்தான் மணி சொல்கிறது.
வேதாளை பஸ் வருவது ஏழு ஐம்பத்தேழுக்கு.
மெஷினில் எட்டு மூன்று.
எட்டைத் தாண்டினால் அரை மணிக் கூலி இல்லை.
போகிற நேரத்தை மட்டும் கடிகாரம் முடிவு செய்வதில்லை.
கூடை காலியானால்தான் வீடு.

இரண்டு வருஷம்.
பெருக்கிப் பார்க்க உட்கார்ந்து, பாதியில் விட்டேன்.

நேரத்தைச் சரி செய்தேன். அழுத்தினேன்.
ராக்கு வேதாளை உள்ளே போனாள்,
எந்தச் சத்தமும் இல்லாமல்.

காலையில் மேனேஜர் மாடியேறி வருவார்.
கடிகாரத்தில் யார் கை வைத்தது என்பார்.
பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
இன்று சரி செய்தவன் பெயர் இருக்கிறது,
இரண்டு வருஷத்துக்கு முன் தள்ளி வைத்தவன் பெயரும்.
முதல் பெயர் தமீம்.
கடைசிப் பெயர் தேவிபட்டினம்.
இரண்டு வரியிலும்.